பீச்சாங்கைப் பக்கம் ரெண்டு மொழம்

அட உக்காருங்க, உக்காருங்க. டிரைவர் அண்ணன் ஜாக்கியைக் கையில வெச்சுட்டு டயரை மூணு தரம் வலம் வந்தாச்சு, இன்னும் கும்பிடு போடறது ஒண்ணுதான் பாக்கி. ஸ்டெப்னி மாட்டி முடியறதுக்கு முக்கா மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் அவரை வைஞ்சிட்டு நின்னீங்கன்னா கால்தான் வலிக்கும். இந்தப் புளியமரத்தடியில ஒட்டுக்கா உக்காருங்க. பச்சைச் சட்டைத் தம்பி, அந்தப் போனைச் சித்தெ வெச்சுப்போடு கண்ணு, நீ பேசறது அந்தப் புள்ளைக்குக் கேக்குதோ இல்லியோ எங்களுக்கெல்லாம் நல்லாவே கேக்குது. பேச்சை நிறுத்துங்க. நான் பேசறேன்.

இந்தக் கண்ணாடி போட்ட சார் ஒரு கேள்வி கேட்டுப்போட்டாரு. "ஏனுங்க, இது முருங்கைக்காய் பறிக்கற தொரட்டியா"ன்னு. வேட்டியில சுத்தி வெச்சிருக்கறதால அப்படித் தெரியுதுங்க சார். கண்டக்டர் தம்பி சன்னல்ல திரை மாட்டற கம்பின்னுச்சு. அட, அவுத்தே காட்டறேன் பாருங்க. வில்லுங்க. கல்மூங்கில் வில்லு. கத்தாழை நார் நாணு. எங்க கெழக்கு வீதிக்குப் பொதுவான வில்லு, என்ர கையில இருக்குது. இது என்ர கையில இன்னமும் இருக்கறதுக்குப் பின்னால ஒரு கதை இருக்குது.

எம்பேரு சென்னியப்பன். ஊரு நொச்சிக்காட்டுப்புதூர். இந்தா, மஞ்சப்பையை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறா பாருங்க, இவதான் என்ர ஊட்டுக்காரி பூவாத்தா. இவ பேசமாட்டா. கல்யாணமாகி முப்பத்தொரு வருசம் ஆச்சு, இவ பேசுனதையெல்லாம் பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால எழுதினாலும் எடம் மிச்சமிருக்கும். அதனால என்னங்க, இவளுக்கும் சேத்தி நானே பேசிப்போடறேன்.

எங்கூர்ல விசயதசமியன்னிக்கு அம்பு போடறதுன்னு ஒண்ணு உண்டு. செல்லாண்டியம்மன் குதிரை வாகனத்துல ஏறிக் கோயில் மைதானத்துக்கு வந்துருவா. மைதானத்துல ஒரு வாழை மரத்தை நட்டு வெச்சிருப்பாங்க, அதுதான் அசுரன். இருவது எட்டு எடுத்து வெச்சுத் தள்ளி நின்னு அம்பு போடோணும். கெழக்கு வீதிக்கு ஒரு ஆளு, மேக்கு வீதிக்கு ஒரு ஆளு. ஆளுக்கு ஒரே அம்பு. போன வருசம் தோத்த வீதி மொதல்ல போடோணும். பட்டுருச்சுன்னா அதோட முடிஞ்சுது, அம்மன் அந்த வீதிக்குத்தான் மொதல்ல போவா. படலைன்னா அடுத்தவன் போடுவான்.

மொதல்ல போறதுல என்ன இருக்குதுன்னு கேக்காதீங்க. மொத வீதிக்கு வரும்போது அம்மன் முகம் பளபளன்னு இருக்கும், மாலை வாடாம இருக்கும், நாயனக்காரன் கன்னத்துல காத்து இருக்கும். ரெண்டாவது வீதிக்கு வர்றப்போ மேளக்காரன் ஒருத்தன் டீக்குடிக்கப் போயிருப்பான், பூசாரி கொட்டாவி விட்டுட்டே துன்னூறு குடுப்பாரு. அப்படித் துன்னூறைத்தான் எங்க கெழக்கு வீதி மூணு வருசமா வாங்கிட்டு இருந்துச்சு. ஏன்னா மூணு வருசமா அம்பு போடறவன் நானு.

சிரிக்காதீங்க. வில்லு சரியில்லீங்க.

மொத வருசம் நல்லா இழுத்து உட்டேன். அம்பு போயி மைக்செட்டுக் குழாய்க்குள்ள சொருகிக்கிச்சு. அதுக்கப்பறம் அம்மன் பாட்டு முழுக்கச் சளி புடிச்சவன் பாடற மாதிரி வந்துச்சு, ம்ங்ங்ன்னு. ரெண்டாவது வருசம் ஒரு தவுலு. நல்லவேளை, தவுல்காரன் வேட்டியக் கட்ட எந்திரிச்சிருந்தான். மூணாவது வருசம் தர்மகர்த்தா அய்யாச்சாமி அண்ணன் வேர்க்குதுன்னு துண்டைக் கழட்டிப் பந்தக்கால்ல தொங்க உட்டிருந்தாரு. அந்தத் துண்டையும் பந்தக்காலையும் சேத்தித் தச்சுருச்சு. டெய்லர்கூட அப்படி நேராத் தைக்கமாட்டான்.

மேக்கு வீதிக்கு அம்பு போடறவன் நாட்ராயன். அவன் பேசறதைக் கேக்கோணுமே. மூக்கால பேசுவான், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல ஒரு தரம் மீசையைத் தடவிக்குவான். அவன் எந்திரிச்சுப் போயி மொழங்கையால அளந்து பாத்துப்போட்டு வந்து சொல்றான், "மாப்ள... மூணு வருசமும்... வாழை மரத்துக்குப் பீச்சாங்கைப் பக்கம்... சரியா ரெண்டு மொழம். உன்ர கை சுத்தமான கை மாப்ள." ஊரே சிரிக்குது. நானும் சிரிச்சேன். என்னத்தைப் பண்றது, அவன் மூக்கால பேசறது அவ்வளவு நல்லா இருக்குதே.

ஆனா பொறவு வீதிக்கூட்டம் போட்டாங்க. இந்த வருசமும் தவறுச்சுன்னா வில்லைக் குடுத்துரோணும்னு. யாருக்குன்னு கேளுங்க. எங்க வீதிக்கு ஊட்டோட மாப்பிள்ளையா வந்திருக்கறான் ஒருத்தன். அவன் யாருன்னா நாட்ராயனோட சொந்த மச்சினன். மேக்கு வீதியில பொறந்து வளந்தவன் எங்க வீதி வில்லைத் தொடறதா? எனக்கு முன்னால எங்கண்ணன் போட்டாரு, அவருக்கு முன்னால எங்கப்பாரு போட்டாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலீங்க. இந்தா, இவளைக் கேட்டுப் பாருங்க. ரெண்டு தரம்தான் கொழம்பு ஊத்திக்கிட்டேன்.

சரி, வில்லை ரிப்பேர் பண்ணிப்போடலாம்னு பெரட்டாசி மாசம் பொறந்ததுமே ஆரம்பிச்சேன். ஊட்டுக்குப் பின்னால காலி எடத்துல ஒரு வாழை மரத்தை நட்டேன். இருவது எட்டு அளந்தேன். உட்டேன். ரெண்டு மொழம் பீச்சாங்கைப் பக்கம். அங்க இவ வடாம் காயப் போட்டிருந்தா. வடாத்துணியோட அம்பு போயிருச்சு. இவ வந்தா. துணியைப் பிரிச்சு எடுத்து உதறுனா, போயிட்டா.

மொதல்ல வில்லு செஞ்ச வெள்ளையனைக் கூட்டியாந்தேன். மூங்கில் வேலைக்கு அந்த வட்டாரத்துலயே அவரு ஒருத்தர்தான். வாயில எப்பவும் வெத்தலை. சாறு ஒழுகாம இருக்கறதுக்கு அண்ணாந்து வானத்தைப் பாத்துத்தான் பேசுவாரு. இப்படி. "ழெண்ணியப்பா, நாணு தொங்குதுழா." கேட்டீங்களா? நாணு தொங்குதாம். வில்லோட புடிக்கும் நாணுக்கும் நடுவுல கைமுட்டியை மடக்கிக் கட்டைவெரலை நிமித்தி வெச்சா, வெரல் நுனி நாணைத் தொடோணும். இதுல வெரலுக்கும் நாணுக்கும் சம்பந்தமே இல்லை, நாணு புடிகிட்ட வந்து கெடக்குது. நாணை அவுத்து எட்டு முறுக்கு முறுக்கி மாட்டுனாரு. முறுக்குனா நாணு குட்டையாகும், வில்லு இன்னும் வளையும், எடம் சரியாயிரும். பொறவு வானத்தைப் பாத்தவாக்குலயே ஒரு அம்பு உட்டாரு. நட்டநடு வாழையில போயி நின்னுச்சு.

எனக்கு அது பெருசாத் தெரியலை. அவரு செஞ்ச வில்லு, பெத்தவன் பேச்சைக் கேக்கத்தானே செய்யும். நான் வாங்கி உட்டேன். ரெண்டு மொழம் பீச்சாங்கைப் பக்கம். கோழிக்கூடை ஓட்டையாயிருச்சு.

அடுத்தது பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியாரு தங்கமுத்து. அந்தக் காலத்துல மாவட்டத்துக்கெல்லாம் வில்லு புடிச்சவராம். அவரு ஊட்டுச் சோறு திங்கும்போதும் கழுத்துல விசில் தொங்கும். பேச்சு முழுக்க டிரில்தான். "நில். கால் விரி. தோள் இறக்கு. மூச்சு." மூச்சுன்னா உடறதா புடிக்கறதான்னு சொல்லமாட்டாரு, நான் பாதி நாளு மூச்சு முட்டியே நின்னேன். அவரு அம்பைப் பாத்தாரு, வளைச்சாரு, நகத்தால தட்டுனாரு. "அம்பு வெறைப்பு. வெறைப்பா இருந்தா எடப்பக்கம் போகும். சீவு." சீவுனேன். பன்னெண்டு அம்பையும் கண்ணாடிச் சில்லால சீவிச் சீவி ஈர்க்குச்சி மாதிரி ஆக்கிப்போட்டேன். உட்டா, ஒண்ணே முக்கா மொழம்.

கால் மொழம் தேறிருச்சு. அன்னிக்கு நான் வீதியெல்லாம் போயிச் சொன்னேன். மறுநாளு பழையபடி ரெண்டு மொழம்.

வாத்தியாரு என்ர கையிலிருந்து வில்லை வாங்கி உட்டாரு. நட்டநடு வாழை. எனக்குப் புரிஞ்சு போச்சு, இது அந்நிய ஆளுகளைக் கண்டா அடக்கமா நடந்துக்குதுங்க. ஊட்டுக்காரன் கையில மட்டும் திமிரு.

அப்ப அவரு ஒரு வேடிக்கை பண்ணுனாரு. ரெண்டு கையையும் நீட்டி நடுவுல ஒரு சின்னச் சந்து வெச்சு அதுவழியா வாழை மரத்தைப் பாக்கச் சொன்னாரு. பாத்தேன். கையை மெதுவா முகத்துகிட்டக் கொண்டாரச் சொன்னாரு. கொண்டாந்தா அந்தச் சந்து பீச்சாங்கைப் பக்கத்துக் கண்ணுல வந்து நிக்குது. விசில் ஊதிப்போட்டாரு. "சென்னியப்பா, அம்பை வெச்சு இழுக்கறது சோத்தாங்கைக் கண்ணுக்குக் கீழ. குறி பாக்கறது இந்தக் கண்ணுல. அம்பு எப்படி நேராப் போகும்? அந்தக் கண்ணை மூடு." மூடுனேன். மூடுனா வாழை மரத்தையே காணோம், ஒரே பொகையாட்ட இருக்குது. இவ அடுப்பு மூட்டிருப்பான்னு நெனச்சுட்டேன். பாத்தா இவ என்ர பக்கத்துல நிக்கறா. அடுப்பே எரியலை. பனியா இருக்கும்னுட்டேன். மணி பதினொண்ணு.

கண்ணுல கோளாறுங்கறாருங்க. எனக்கா? போன வருசம் எங்கூர்ல கண்ணு முகாம் போட்டாங்க. எனக்கு முன்னால நின்ன ஆளு சொன்னதை அப்படியே அவன் குரல்லயே சொன்னேன் பாருங்க, டாக்டரம்மா சிரிச்சு சிரிச்சு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருச்சு. பாஸுங்க நானு.

கடைசியா வாத்தியாரு என்ன சொன்னாரு தெரியுமா? "சரி உடு. ரெண்டு மொழம் சோத்தாங்கைப் பக்கம் தள்ளிக் குறி வை." அங்க என்னங்க இருக்குது? ஒண்ணுமில்லை. வெறும் காத்து. எங்கப்பாரு அசுரனைப் பாத்துக் குறி வெச்சாரு, எங்கண்ணன் அசுரனைப் பாத்துக் குறி வெச்சாரு, நான் போயிக் காத்தைப் பாத்துக் குறி வெக்கறதா? நாட்ராயன் கேட்டா மூக்கால மட்டுமில்ல, காதாலயும் சிரிப்பான். மாட்டவே மாட்டேன்னு சொல்லிப்போட்டேன்.

பொறவு நானே வைத்தியம் பாத்தேன். அம்போட வால்ல கட்டற எறகை மாத்துனேன். சேவல் எறகு போயி வாத்து எறகு. வாத்து எறகு போயி மறுபடி சேவல், இந்தத் தரம் கோவக்காரச் சேவல். வில்லுக்கு வெளக்கெண்ணெய் போட்டு உருவுனேன். திருஷ்டியா இருக்கும்னு சாம்பிராணி போட்டேன். ஒரு நாளு நாட்ராயனே வந்துட்டான் வேடிக்கை பாக்க. "குடு மாப்ள... ஒண்ணு... பாக்கறேன்"னு வாங்கி, மீசையைத் தடவிட்டே உட்டான். நட்டநடு வாழை. எங்க வீதி வில்லு, எங்க வீதிச் சோத்தைத் தின்னுபோட்டு மேக்கு வீதிக்காரன் கையில போயி குறி அடிக்குது பாருங்க. அன்னிக்கு அந்த வில்லோட நான் பேசலை.

இத்தனைக்கும் நடுவுல இவ பண்ணுன கூத்து தனி. துணி காயப்போடற கயித்தை அவுத்துக் கொண்டுபோயி வாழை மரத்துக்கு நேர் பின்னால கட்டுனா. ஓட்டையான கோழிக்கூடையை அடைச்சு அதையும் அங்கயே வெச்சா. ஒரு நாளு பாத்தா, நான் குறி வெக்கற அதே வாழை மரத்துல ஆட்டுக்குட்டியக் கட்டிப்போட்டுப் போயிருக்கறா. அடியே, புருசன் அம்பு போடற எடமாச்சே, ஒரு கூறு வேண்டாமான்னு சத்தம் போட்டேன். இவ என்னையப் பாத்தா, ஆட்டுக்குட்டியப் பாத்தா, அதுக்கு ரெண்டு அகத்திக்கொழை ஒடிச்சுப் போட்டுப்போட்டு உள்ள போயிட்டா. அந்தக் குட்டி மாசம் முழுக்க அங்கதான் கெடந்துச்சு. நல்லாக் கொழுத்துருச்சுங்க.

விசயதசமி வந்துருச்சு. காலையில குளிச்சுப்போட்டு வில்லை எடுத்தேன். மனசுக்குள்ள திடீர்னு ஒண்ணு தோணுச்சு. இன்னும் மூணு முறுக்குன்னு. இது யாரும் சொல்லிக் குடுத்ததில்லீங்க, தானா வந்த ஞானம். நாணை அவுத்து மூணு முறுக்கு முறுக்கி மாட்டுனேன்.

அப்பத்தான் இவ வந்து நின்னா. கிளிப்பச்சைச் சேலை. நெத்தியில இத்தனாம்பெரிய குங்குமப் பொட்டு, எட்டணாக் காசு அகலம். வாயைத் தொறந்தா. எனக்கே தூக்கிவாரிப் போட்டுருச்சு. "மாமா, இன்னிக்கு நான் மைதானத்துல நிப்பேன். என்ர பொட்டைப் பாத்துட்டே உடுங்க"ன்னா.

சார், முப்பத்தொரு வருசம். கல்யாணத்தன்னிக்குக்கூட இவ என்னைய நிமுந்து பாக்கலை. இந்த வயசுல, பேரன் பொறந்ததுக்கப்பறம், பொட்டைப் பாருங்கறா. ஆசைதானே? வேற என்னங்க? எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. சரி அம்மணின்னேன்.

மைதானத்துக்குப் போனோம். எங்க வீதி மொதல்ல போடோணும். என்ர பேரைச் சொன்னதும் வாழைக்குப் பீச்சாங்கைப் பக்கம் உக்காந்திருந்த சனமெல்லாம் எந்திரிச்சு மறுபக்கம் போயிருச்சு. மைக்செட்காரன் குழாயைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டான். அய்யாச்சாமி அண்ணன் துண்டை எடுத்து இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டாரு. ஒரு மரியாதைதானுங்க.

இவ என்ன பண்ணுனான்னா, வாழை மரத்துகிட்டப் போனா. மரத்திலிருந்து சோத்தாங்கைப் பக்கமா மொழங்கையால ரெண்டு தரம் அளந்தா. கால் கட்டைவெரலால மண்ணுல ஒரு கோடு போட்டா. அந்தக் கோட்டு மேல போயி என்னையப் பாத்து நின்னுட்டா. எதுக்கு அளந்தான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, பொம்பளைகளுக்கு ஏதாச்சும் சாங்கியம் இருக்கும். அய்யாச்சாமி அண்ணன் ஓடி வந்தாரு, அம்மணி தள்ளி நில்லு, அம்பு போடறாங்கன்னு. இவ நகரலை. அவரு இவளைப் பாத்தாரு, மண்ணுல கோட்டைப் பாத்தாரு, திரும்பி என்னையப் பாத்தாரு. வாயில துண்டை வெச்சு இருமுனாரு. "சரி, நிக்கட்டும். நீங்களும் அம்மணிக்குப் பின்னாலயே நில்லுங்க"ன்னு மிச்சச் சனத்தையும் அங்க அனுப்பிப்போட்டாரு.

நான் அம்பைப் பூட்டுனேன். வாத்தியாரு ஓரத்துல நின்னு மூச்சுங்கறாரு. இழுத்தேன். வாழையைப் பாக்கோணும்னுதான் இருந்தேன், அம்மன் சத்தியமா. ஆனா குடுத்த வாக்கு இருக்குதே. இவ பொட்டைப் பாத்தேன். பளிச்சுன்னு செவப்பா, கிளிப்பச்சைக்கு மேல. இந்த அம்பு இவ மேல பட்டுருச்சுன்னா நாளைக்கு என்ர பேச்சை யாரு கேப்பாங்கன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. கண்ணுல தண்ணி முட்டுச்சு. இவ கண்ணு இமைக்கலை. ஒரு கொட்டாவி உட்டா. நான் அம்பை உட்டுட்டேன்.

நட்டநடு வாழை.

ஒரு சாண் உள்ள போயிருச்சுங்க. சத்தம் எந்திரிச்சுது பாருங்க, குதிரை வாகனம் தூக்கறவங்களே தோளை மாத்திக்கிட்டாங்க. நாட்ராயன் ஓடிவந்து, மூக்குமில்ல மீசையுமில்ல, சாதாரணமா மனுசனாட்டம் கேட்டான், "எப்படி மாப்ள?"ன்னு. நானு நெஞ்சை நிமித்திச் சொன்னேன், "மூணு முறுக்கு." வெள்ளையன் அப்பத்தான் வானத்தைப் பாக்கறதை உட்டுப்போட்டு மொதத் தரமா என்ர மூஞ்சியைப் பாத்தாரு. வாத்தியாரு விசிலை வாயில வெச்சாரு, ஊதலை. பொறாமைங்க.

மாலை வாடாத அம்மன், கன்னத்துல காத்து இருக்கற நாயனம், எங்க வீதிக்கு மொதல்ல வந்துச்சு. பூசாரி கொட்டாவி உடாம துன்னூறு குடுத்தாரு. வில்லு பழையபடி என்ர ஊட்டு மோட்டுலயே ஏறித் தொங்குச்சு.

இப்பக் கோயமுத்தூருக்கு எதுக்குப் போறோம்னா, ஒரு காலேஜ்ல மரபு விளையாட்டு விழாவாம். பி.டி. வாத்தியாரு என்ர பேரைக் குடுத்திருக்கறாரு, வந்து ஒரு அம்பு போட்டுக் காட்டச் சொல்லி. கூடவே இவளையும் கட்டாயம் கூட்டிட்டு வரோணும்னு ரெண்டு தரம் சொல்லிப்போட்டாரு. போட்டோவுல புருசன் பொஞ்சாதியா நின்னா நல்லா இருக்கும்னுதான். அதுக்கு முன்னால காலையில ஒரு கண்ணாஸ்பத்திரிக்குப் போவோணும்னு இவ சொல்றா. பாவம், இவளுக்குக் கண்ணுல ஏதோ ஆயிருச்சாட்ட இருக்குது, சொல்லமாட்டேங்கறா. இவளுக்கு மறதி வேற வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் காட்டறதுக்கு அந்த மஞ்சப்பைக்குள்ள என்ர ஆதார் கார்டைப் போய் எடுத்து வெச்சிருக்கறா.

என்னதுங்க சார், சிரிக்கறீங்க? எல்லாரும் எதுக்கு ஒட்டுக்காச் சிரிக்கறீங்க? டிரைவர் அண்ணா, நீங்க டயரைப் பாருங்க.

இவகிட்டக் கேக்கோணுமா? தாராளமாக் கேளுங்க, பதில் வராதுன்னு சொல்லிப்போட்டேன். ஏ பூவாத்தா, கண்ணாடி சார் கேக்கறாரு. புருசன் அம்பை இழுத்துட்டு நேரா உன்ர பொட்டைப் பாத்துக் குறி வெக்கறப்போ உனக்குப் பயமா இல்லியான்னு. சும்மா சொல்லு அம்மணி, நம்ம பஸ்காரங்கதான்.

"இவிய பாத்த எடத்துல இதுவரைக்கும் எது பட்டிருக்குதுங்க? அதான் என்னையப் பாக்கச் சொன்னேன்."